நான் காட்டிய பிறை

ரமலான் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் மொட்டை மாடிக்கு ஏறலாம், என்னைத் தவிர. இன்றைக்கும் அப்படித்தான். மீசை முளைத்து, லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆளாகிவிட்டேன். இருந்தாலும் அன்றைக்கு நான் படிக்கட்டில் கால் வைத்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டிவிடுவார். "ஏலே, எறங்கு நீ. ஒனக்கு வராத பிறையெல்லாம் தெரியும்" என்பார். தெருவே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவேன். பத்தாம் வகுப்பைக்கூட முழுசாகத் தாண்டாதவனுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது ஊரில் பெயர் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அந்தப் பெயரை நான் வாங்கியது ஒன்பது வயதில்.

அப்போது பேகம்பூரில் எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். அத்தா, அம்மா, நன்னி, நான். அத்தா காலையில் செருப்புக்கடைக்குப் போனால் நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். அம்மாவுக்கு அடுப்படியை விட்டால் தையல் மெஷின், தையல் மெஷினை விட்டால் அடுப்படி. பெருநாள் நெருங்க நெருங்கத் தெருப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் எங்கள் வீட்டில்தான் மலையாகக் குவியும். மிச்சம் இருந்தது நன்னியும் நானும். நன்னி அத்தாவைப் பெற்றவள். அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை, எனக்கு அவளை விட்டால் ஆள் இல்லை. அதனால் நாள் முழுக்க அவளைச் சீண்டுவதுதான் என் வேலை.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் என்று பேச்செடுத்தாலே "பெருநாள் கழியட்டும்" என்பாள். எந்த வருஷத்துப் பெருநாள் என்று மட்டும் சொல்ல மாட்டாள். சுவர்க் கடிகாரத்தை நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி ஒரு அதிகாரம் என் கையில் கிடைத்தால் சும்மா இருப்பேனா? இரண்டரை மணிக்கு "நாலரை ஆச்சு நன்னி" என்பேன். அவள் நம்பி எழுந்து, கை கால் முகம் கழுவி ஒலுச் செய்து, தொழுகைப் பாயை விரித்துப் போட்டுக்கொண்டு சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்குக்காகக் காத்திருப்பாள். பாங்கு வராது. "செத்த நேரம் பாருங்க நன்னி, மோதினார் தூங்கிட்டாரு போல" என்பேன். விஷயம் புரிந்ததும் விசிறிக் கட்டையைத் தேடுவாள். விசிறிக் கட்டை எங்கே கிடக்கிறது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும் என்பதால் ஒருநாளும் அடி விழுந்ததில்லை.

நன்னிக்கு மூன்று பெண்கள். எனக்கு மாமிகள். பெரிய மாமி வடமதுரையில், நடு மாமி ஆயக்குடியில், சின்ன மாமி மணப்பாறையில். வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் மூன்று பேரும் சேர்ந்து வருவார்கள். அது பெருநாள் பிறை தெரிகிற ராத்திரி.

நோன்பு மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பாட்டுக் கிடையாது. நன்னி போட்ட சட்டம். முதல் நோன்புக்கு முந்தின நாளே அவளுடைய பித்தளைத் தவலையைத் துடைத்துப் பரணில் ஏற்றச் சொல்லிவிடுவாள். பிறை தெரிந்த பிறகுதான் அது கீழே இறங்கும். அதைக் கவிழ்த்துப் போட்டு மோதிர விரலால் அவள் தட்ட ஆரம்பித்தால் கல்யாணப் பாட்டு, மாமியாரைக் கிண்டல் செய்கிற பாட்டு, தாலாட்டு என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். மாமிகள் மருதாணி அரைத்துக்கொண்டே பாடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் நானும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருளுவோம். மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து மாமாக்கள் வருவார்கள், பிரியாணிச் சட்டி திறக்கும், சாயங்காலம் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் முந்நூற்றைம்பது நாளைக்கு மறுபடியும் நன்னியும் நானும் கடிகாரமும்தான்.

பிறை ராத்திரியில் கடைசியாக ஒரு பாட்டு உண்டு. பெண்கள் மூவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நன்னியே கட்டியது. முதல் வரி அவளுக்கு.

"பிறை வந்து நின்னிருச்சே, யாரு வந்து பாத்தீக?"

பெரிய மாமி பதில் பாடுவாள்: "பெரியவ வந்தேம்மா, பிச்சிப்பூ கொண்டாந்தேன்."

அடுத்து நடு மாமி: "நடுவுளவ வந்தேம்மா, நாவப்பழம் கொண்டாந்தேன்."

சின்ன மாமி அப்போது தவழுகிற பிள்ளையாம். கையில் கொண்டுவர ஒன்றும் இல்லாதவள். அதனால் அவளுக்கு நன்னி கட்டிக் கொடுத்த வரி: "சின்னவ வந்தேம்மா, சிரிச்ச மொகம் கொண்டாந்தேன்."

ஒருத்தியின் வரியை இன்னொருத்தி பாடக் கூடாது. அதுவும் சட்டம். நடு மாமிக்கு அம்மை போட்டிருந்த வருஷம் அவளால் வர முடியவில்லை. அவள் வரியின் இடம் வந்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நன்னி மட்டும் அந்த வரியின் நீளத்துக்குத் தவலையைத் தட்டினாள். வார்த்தையே இல்லாமல் தட்டு மட்டும் போனது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன். கூடச் சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்த ரமலானில் சின்ன மாமிக்குத் துபாய் விசா வந்துவிட்டது. சின்ன மாமா அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். டிக்கெட் போட்டு அனுப்பியவர் அவர்தான். சனிக்கிழமை விடியற்காலை, திருச்சியிலிருந்து. "வெள்ளிக்கிழமை பெருநாளு. ஊர்ல பெருநாளை முடிச்சிட்டு வரட்டும்" என்று அவர் கணக்கு. அது அந்த ஊர்க் காலண்டரைப் பார்த்துப் போட்ட கணக்கு. அங்கே தெரிகிற பிறை இங்கே ஒரு நாள் கழித்துத்தான் தெரியும் என்பதை, பொண்டாட்டி வருகிற சந்தோஷத்தில் அவர் மறந்துவிட்டார்.

ஆக விஷயம் இதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் பிறை தெரிந்தால் வெள்ளிக்கிழமை பெருநாள். சின்ன மாமி வியாழன் ராத்திரியே வந்துவிடலாம். தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை முப்பதாவது நோன்பு. பெருநாள் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். அன்றைக்குச் சின்ன மாமி ஆகாயத்தில் இருப்பாள். அவளுடைய மாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பிறை தெரிஞ்சா ஒங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. தெரியலையா, இங்கயே இருந்து பெட்டியைக் கட்டு."

பத்து நாளைக்கு முன்னால் சின்ன மாமி பயணம் சொல்லிக்கொள்ள வந்தாள்தான். கூடவே மாமியாரும் வந்திருந்தார். பகல் நேரம், நோன்பு. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது. மாமியார் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு திருச்சி வெயிலைப் பற்றியும் துபாய் வெயிலைப் பற்றியும் பேசினார். நன்னி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்போட்டைப் பத்திரமா வச்சுக்கத்தா" என்று மட்டும் நாலு தடவை சொன்னாள். ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நன்னி மணி கேட்பதை விட்டுவிட்டாள். "வானம் எப்படிடா இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

"மேலதான் இருக்கு நன்னி."

"மூதேவி, மேகம் இருக்கான்னு கேட்டேன்."

எனக்கும் உள்ளூர ஆசைதான். பெரிய மாமியின் மகன் என் வயது. பட்டம் கொண்டுவருவதாகப் போனில் சொல்லியிருந்தான். சின்ன மாமி வந்தால்தான் மற்ற இரண்டு மாமிகளும் வருவார்கள் என்று பேச்சு.

வியாழக்கிழமை வந்தது. நோன்பு திறந்து, கஞ்சியை அரைகுறையாகக் குடித்துவிட்டு மாடிக்கு ஓடினேன். மேற்கே கொடைக்கானல் மலைப் பக்கம் முழுக்க மேகம். ஈரத் துணியைக் காயப் போட்ட மாதிரித் தொங்கியது. எல்லா மாடியிலும் ஆட்கள். பக்கத்து வீட்டு மாடியில் என்னைவிட இரண்டு வயது பெரிய பையன் ஒருவன். வருஷா வருஷம் தான்தான் முதலில் பிறையைப் பார்த்ததாகப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்கிறவன். அன்றைக்குக் கழுத்தில் ஒரு பைனாகுலரை வேறு மாட்டிக்கொண்டு நின்றான். பிளாஸ்டிக். அதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது.

"அந்தா! அந்தா பிறை!" என்று கத்தினேன்.

"எங்கடா? எங்க?" அவன் பைனாகுலரைத் தலைகீழாகக் கண்ணில் வைத்தான்.

"அந்த மேகத்துக்குக் கீழ, ஓட்டைக்குள்ள... போச்சு போ, உள்ள போயிருச்சு. லேட்டுடா நீ."

அவன் முகம் தொங்கிய அழகைச் சொல்ல முடியாது. இரண்டு நிமிஷம் அவனைக் காயவிட்டு, அப்புறம் "சும்மா சொன்னேன்" என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

அதற்குள் படிக்கட்டில் சத்தம் கேட்டது. நன்னி. மூட்டு வலியால் ஒரு வருஷமாக மாடிப் பக்கமே வராதவள், சுவரைத் தடவித் தடவி ஏறி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. பின்னாலேயே அத்தா, "அம்மா, விழுந்துறப் போறீக, எறங்குங்க" என்று கத்திக்கொண்டு வந்தார்.

"எங்கடா பாத்த?" என்று கேட்டாள் நன்னி.

இப்போது சொன்னால் தெரு முழுக்கச் சிரிக்கும். அத்தாவின் கையும் அடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் மேகத்தில் ஒரு கிழிசலைக் காட்டினேன். நன்னி என் தோளைப் பிடித்துக்கொண்டு என் விரல் நீண்ட பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தோளில் அவள் விரல்கள் இறுகிக்கொண்டே போயின. எனக்கு வலித்தது.

பிறகு சொன்னாள்: "ஆமா. இருக்கு. மெல்லிசா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான் சொன்ன பிறகு வந்திருக்குமோ? என் வாய்க்கு இம்புட்டுப் பலமா?

"அம்மா, பள்ளிவாசல்ல சொல்லட்டும்மா. அவசரப்படாதீக" என்றார் அத்தா.

"எங் கண்ணால பாத்தேங்கிறேன். அப்புறம் என்ன?"

"அப்ப நான் போயி பள்ளி அஜரத்துட்டச் சொல்லிட்டு வாரேன். ரெண்டு பேரு பாத்திருக்கீக. சாட்சி சொல்லக் கூப்பிடுவாக."

சாட்சி என்றதும் நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பள்ளிவாசலில் பெரியவர்களுக்கு நடுவில் நின்று பேசுகிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? "நான் வாரேன்த்தா" என்றேன். நன்னி என் காதைப் பிடித்துத் திருகிவிட்டாள். அதுவரைக்கும் என் காது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

"ஊருக்குச் சாட்சி சொல்றதுக்கு நாம யாரு? ஊரு, ஊரு பாத்ததச் சொல்லட்டும். நீ அங்கன போயி ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள் அத்தாவிடம். "நான் எம் பிள்ளைகளுக்குத்தான் சொல்றேன்."

இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. பிறையைப் பார்த்தவள், ஊருக்குச் சொல்லாமல் ஒளித்துவைப்பாளா?

கீழே இறங்கியதும் பட்டன் போனை என்னிடம் நீட்டினாள். "நம்பரைப் போடு. மொதல்ல சின்னவளுக்கு." போனில் இருக்கிற நம்பர் அவள் கண்ணுக்குத் தெரியாது. எப்போதும் நான்தான் போட்டுக் கொடுப்பேன். வழக்கமாக ஒரு நம்பரை மாற்றிப் போட்டு யாரோ ஒரு ஆளோடு அவளைப் பேசவைப்பேன். அன்றைக்கு ஒழுங்காகப் போட்டேன்.

"ஏத்தா, பிறை பாத்தாச்சு. கெளம்பு."

"பள்ளியில சொல்லிட்டாகளாம்மா?" என்று சின்ன மாமி கேட்டது எனக்கே கேட்டது.

"நான் பாத்தேன்த்தா. ஒங்கம்மா பாத்தேன். ஒம் மாமியார்ட்டக் குடு."

மாமியாரிடமும் அதையே சொன்னாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "பெரியவக நீங்க சொன்னாச் சரிதான்" என்று அந்த அம்மா உடனே ஒத்துக்கொண்டு, தெரிந்த டிரைவருடைய வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து அனுப்பிவைத்தார். கார் வடமதுரை வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் பெரிய மாமியையும் அதிலேயே ஏறிக்கொள்ளச் சொல்லியாயிற்று. நடு மாமி, மாமாவின் கொய்யாப்பழ வேனில் கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். அம்மா தையல் மெஷினை மூடிவிட்டு மருதாணி இலையை ஆய ஆரம்பித்தாள். நான் பரணில் ஏறித் தவலையை இறக்கிக் கொடுத்தேன். வீடே பெருநாள் ஆகிவிட்டது. ஒரு பொய்யால் இவ்வளவு காரியம் நடக்கும் என்றால் பள்ளிக்கூடத்தில் எதற்கு நன்னெறி வகுப்பு வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணி சுமாருக்குப் பள்ளிவாசல் மைக் கரகரத்தது. பிறை தென்பட்டதாக எங்கிருந்தும் தகவல் இல்லை, நாளை முப்பதாவது நோன்பு, சற்று நேரத்தில் தராவீஹ் இரவுத் தொழுகை நடைபெறும் என்று சொல்லி மைக் நின்றது. அம்மா மருதாணி அரைத்த கையோடு அப்படியே நின்றாள். அத்தா நன்னியைப் பார்த்தார். நன்னி தவலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாக அந்த நேரத்தில் கார் வந்து வாசலில் நின்றது.

பெரிய மாமி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "என்னம்மா இது? வடமதுரையில ஏறும்போது பெருநாளு, பேகம்பூர்ல எறங்கும்போது நோன்பா? மைக்குல என்னமோ சொல்றாகளே!"

"வந்தது வந்துட்டீக. உள்ள வாங்க" என்றாள் நன்னி.

அடுத்த பத்தாவது நிமிஷம் கொய்யாப்பழ வேனும் வந்தது. நடு மாமியின் வீட்டுக்காரர் ஆயக்குடிக்காரர். திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்டுவார். என்னைத் தேடி வந்து குனிந்து, "ஏனுங்க மாப்ள, எந்தத் திக்குலிங்க பிறையைப் பாத்தீங்க? கைக்கு எட்டுற மாதிரி இருந்துச்சுங்களா? சொல்லியிருந்தா ரெண்டு கூடை பறிச்சுட்டு வந்திருப்பேனுங்களே" என்றார். பெரிய மாமியின் மகன், "ஒன்னால எங்கம்மா பிரியாணி அரிசிய ஊறப் போட்டுட்டு வந்துருச்சு" என்று என் முதுகில் ஒன்று வைத்தான். பட்டத்தைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

அத்தா கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "எல்லாம் இவனால. வாயத் தொறந்தாப் பொய்யி."

நன்னி நடுவில் வந்து நின்றாள். "அவன எதுக்கு அடிக்கிற? பாத்தது நானு."

"ஒங்களுக்கு..." என்று அத்தா ஆரம்பித்தார். கை மட்டும் கீழே இறங்கியது. நன்னியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க மச்சான், தராவீஹுக்கு நேரமாச்சு" என்று ஆயக்குடி மாமாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல வேளை, தொழுகை என்னைக் காப்பாற்றியது என்று நினைத்தேன்.

சின்ன மாமி நன்னியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் மடியில் கையை வைத்திருந்தாள். டிரைவருக்கு மணப்பாறையிலிருந்து போன் வந்துவிட்டது போல. வாசலில் ஹாரன் அடித்தான்.

"எங்க மாமியா கோவமா இருக்காகளாம். ஒம்பதரைக்குக் கெளம்பிரணும்மா" என்றாள் சின்ன மாமி.

நன்னி தவலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நோன்பு மாசத்துலயாம்மா?" என்றாள் பெரிய மாமி. "நீங்க போட்ட சட்டம்தான?"

"கதவச் சாத்து" என்றாள் நன்னி.

மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே சத்தம் போகக் கூடாது என்று விரல் நுனியால் தட்டினாள். பள்ளிவாசல் மைக்கில் ஓதுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. ஓதும்போதெல்லாம் நன்னி கையைத் தவலை மேல் அப்படியே வைத்துக்கொண்டாள். தொழுகையில் நாலு ரக்அத்து முடிந்து அவர்கள் இடைவெளி விடுகிற நேரத்தில் மட்டும் தட்டினாள். மற்ற பாட்டு எதுவும் இல்லை, நேராகக் கடைசிப் பாட்டு. முதல் இடைவெளியில் நன்னியின் வரி. பெரிய மாமி இஷ்டமில்லாமல் ஆரம்பித்து, பிச்சிப்பூவுக்கு வருவதற்குள் இஷ்டமாகிவிட்டாள். அதற்குள் ஓத ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு பாட்டைத் தவணை முறையில் பாடி நான் பார்த்ததில்லை. அடுத்த இடைவெளியில் நடு மாமி நாவப்பழத்தைக் கொண்டுவந்தாள்.

சின்ன மாமியின் முறை வந்தது. "சின்னவ வந்தேம்மா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. நன்னி தட்டிக்கொண்டே இருந்தாள். "சின்னவ வந்தேம்மா..." மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டாள். மூக்கு சிவந்து, உதடு கோணி, பார்க்கச் சகிக்கவில்லை.

"மாமி, சிரிச்ச மொகம் எங்க? அழுத மொகத்தையில்ல கொண்டாந்திருக்கீக! நன்னி, திருப்பி அனுப்புங்க, இது டூப்ளிகேட்டு" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நன்னி உட்பட. சின்ன மாமியும் சிரித்தாள், கண்ணீர் கன்னத்தில் ஓட ஓடச் சிரித்துக்கொண்டே வரியைப் பாடி முடித்தாள். நன்னி தவலையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தடவினாள். நெற்றி, புருவம், மூக்கு, சிரிக்கிற வாய் என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பாட்டுக்கு நடுவில் அம்மா மருதாணி பூசிவிட்டிருந்த சின்ன மாமியின் கை இரண்டும் அந்தரத்தில் நின்றன.

டிரைவர் ஹாரன் அடித்தான்.

ஒன்பதரைக்கு வீடு காலி. வேனும் போய்விட்டது. பெரிய மாமியின் மகன் பட்டத்தைக் கொடுக்காமலேயே போய்விட்டான். வாசலில் நானும் நன்னியும் நின்றோம். கார் தெருமுனை திரும்பிய பிறகும் நன்னி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "போயிட்டாக நன்னி" என்று சொன்னேன். "தெரியும்டா" என்றாள். ஆனாலும் ஆட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நீளமான நாளை நான் பார்த்ததே இல்லை. தெருவில் இறங்கினால் "வாங்க பிறைக்காரரே" என்றார்கள். பைனாகுலர் பையன் என்னைப் பற்றி ஒரு பாட்டே கட்டிவிட்டான். வீட்டுக்குள் வந்தால் நன்னி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி அரைத்த மருதாணி அம்மியில் காய்ந்து கிடந்தது. மத்தியானம் பெரிய மாமி போன் செய்து, நேற்றே வந்து பார்த்துவிட்டதால் நாளைக்கு வர முடியாது, மாமாவின் கடையில் பெருநாள் ஆர்டர் இருக்கிறது என்று சொன்னாள். நடு மாமிக்கும் அதே பதில். என் பெருநாளை நானே ஒரு நாள் முன்னால் தின்று தீர்த்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டரை மணிக்கு நன்னியிடம் போய், "நாலரை ஆச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆகட்டும்" என்றாள். எழுந்திருக்கவில்லை. சீண்டினாலும் சீறாத ஆளோடு என்ன விளையாட முடியும்?

அன்றைக்குச் சாயங்காலம் நோன்பு திறந்ததும் தெரு மறுபடியும் மாடிக்கு ஏறியது. முப்பது முடிந்துவிட்டதால் பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் விடிந்தால் பெருநாள்தான். பொய் சொல்லவும் வழியில்லை. நான் ஏறப் போனபோது நன்னி கூப்பிட்டாள். "என்னையும் கூட்டிட்டுப் போடா."

ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போனேன். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மேற்கே பிறை, தேங்காய்ச் சில்லு கணக்காகத் தடித்து, யாரும் காட்டாமலே தெரிந்தது. பிறந்து இரண்டு நாளே ஆன பச்சைப் பிள்ளைகூடப் பார்த்திருக்கும்.

"அந்தா நன்னி" என்றேன்.

நன்னி கிழக்கே திரும்பி நின்றாள். அந்தப் பக்கம் செல்போன் டவரின் சிவப்பு விளக்குதான் இருந்தது. நான் அவள் தாடையைப் பிடித்து மேற்கே திருப்பினேன்.

"தெரியுதா?"

"இல்லடா."

"நல்லாப் பாருங்க. எதுக்க இருக்கு."

"இல்லடா அப்பு. தெரியல."

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அன்றைக்கு முழுக்கக் கிடைக்காத சந்தர்ப்பம். "நேத்து மேகத்துக்குள்ள இல்லாத பிறை தெரிஞ்சுச்சு. இன்னைக்கு இம்புட்டுப் பெருசா நிக்கிது, தெரியலையா? நீங்க என்னைய விடப் பெரிய ஆளு நன்னி!"

நன்னி சிரித்தாள். என் தலையைத் தடவினாள். அது எனக்குப் போதுமான தைரியத்தைக் கொடுத்தது. நேற்றிலிருந்து கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். பிறை விஷயத்தில் பொய் சொல்கிறவனின் நாக்கைக் கபுர்க் குழியில் வானவர்களான மலக்குகள் இடுக்கியால் இழுப்பார்கள் என்று பெரிய மாமியின் மகன் காரில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"நன்னி, பொய்யா பிறை சொன்னா அல்லா என்ன செய்வான்?"

நன்னி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ வெளாட்டுக்குத்தான சொன்ன" என்றாள். "ஒனக்கு ஒண்ணுமில்ல. போ, கீழ போயி வெளாடு."

எனக்கு ஒன்றுமில்லை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. நாக்கு தப்பித்த சந்தோஷத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கித் தெருவுக்கு ஓடினேன். பாதித் தெரு போன பிறகுதான், அவளால் தனியாக இறங்க முடியாதே என்று ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன்.

மற்ற மாடிகளெல்லாம் காலியாகிவிட்டிருந்தன. நன்னி கைப்பிடிச் சுவரில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, நான் திருப்பிவிட்ட பக்கத்துக்கே முகத்தை வைத்து, இரண்டு கைகளையும் ஏந்தி நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறை பார்த்தால் ஓதுகிற துஆ ரொம்பச் சின்னது. மதரஸாவில் எனக்கே மனப்பாடம். ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். நான் பக்கத்தில் போய் நின்று, ஒரு காலை மாற்றி மறு காலில் நின்று, கொட்டாவியும் விட்டுப் பார்த்தேன். அவள் முடிக்கிற வழியாக இல்லை.

"மறந்து போச்சுன்னாச் சொல்லுங்க நன்னி, நான் சொல்லித் தாரேன்" என்றேன்.